அஸ்திவாரக் குழியில் ஒரு கடைவாய்ப்பல்

போன சனிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு பல் வந்தது. ஆமாம், பல்!

அனுப்பியவர் செந்தில் அண்ணன். என்னுடன் வேலை பார்ப்பவர், திருநெல்வேலிக்காரர். அம்பத்தூரில் வாடகை ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, திருநின்றவூர் ஏரிப் பக்கம் வாங்கிய மனையில் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறார். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததாம். உடனே போனும் வந்தது.

"மேஸ்திரி மனுசப் பல்லுங்காரு. வேலைய நிப்பாட்டியாச்சு. மனுச எலும்பு கிடந்த இடத்துல குடியிருக்க மாட்டேன், மனைய வித்துருங்கன்னு கவிதா ஒத்தக் கால்ல நிக்கா. நீதான் எப்பப் பார்த்தாலும் ஃபாசில், ஃபாசில்ம்பியே... சீக்கிரம் வா தாயி!"

பருத்திப்பட்டிலிருந்து ஸ்கூட்டரில் பறந்தேன். உண்மையைச் சொல்லவா? அண்ணன் வீட்டைப் பற்றிய கவலையைவிட ஆசைதான் அதிகம். லட்சம் வருஷத்துக்கு முந்தைய மிருகமாக இருந்துவிடாதா?

கல்லாகிப்போன பழைய எலும்பு, பல் என்று ஃபாசில்கள் மேல் எனக்குள்ள பைத்தியம்தான் உங்களுக்குத் தெரியுமே. மண்ணுக்குள் போனால் எலும்பு நொறுங்கும், பல் தாக்குப்பிடிக்கும். உடம்பிலேயே கெட்டியான சமாசாரம் பல்லின் எனாமல்தான். அழிந்துபோன சில பாலூட்டிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றிரண்டு பற்கள் மட்டுமே! பல் என்பது பாலூட்டியின் ரேஷன் கார்டு. என்ன தின்றது, எந்தக் குடும்பம்... எல்லாம் அதில் இருக்கும்.

மனையில் ஜேசிபி சும்மா நின்றது. அண்ணன் மனைவி கவிதா அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. பல்லை வாங்கிப் பார்த்தேன். நல்ல உயரம். மேலே பிறைபிறையாக வரிகள்.

"அண்ணே, இது மனுசப் பல்லே இல்ல! நம்ம பல் குட்டை, மேல குமிழ் குமிழா இருக்கும். இது புல் தின்ன பல். குதிரையோட முன்னோர் காட்டுல இலை தின்னப்போ அதுங்க பல்லும் குட்டைதான். அப்புறம் புல்வெளிக்கு வந்துச்சு. புல்லு பல்லை அரம் மாதிரி தேய்ச்சுடும். உயரமான பல் இருந்ததுங்க பிழைச்சுது, பல தலைமுறைல பல்லே உயரமாயிடுச்சு. ஒருவேளை இதுவும் ஃபாசிலா இருந்தா..."

அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"ஃபாசிலா?" அண்ணன் முகம் வெளுத்தது. "அப்ப கவர்மென்ட்டு வேலி போட்டு மனைய எடுத்துக்கிடுமோ?"

ஜேசிபி டிரைவர் சிரித்தார். "இன்னா மேடம், பேயை ஓட்டச் சொன்னா பூதத்தை இட்டுகினு வர்றியே!"

அவசரமாகப் பல்லைக் கையில் எடைபோட்டேன். லேசு. கல்லாகியிருந்தால் கனத்திருக்குமே? என் லட்சம் வருஷம் சடசடவெனச் சரிந்து பத்துப் பதினைந்தில் வந்து நின்றது. மாடுதான். ஆனால் இப்போது நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா கூட்டத்தைப் பார்த்து வந்தார். பெயர் ராணியாம். பல்லை ஒரு திருப்பு திருப்பினார்.

"இதுக்கா இம்மாம் கூட்டம்? மாட்டுப் பல்லும்மா! பல்லைப் புடிச்சுப் பாக்காம எவனாவது மாடு வாங்குவானா? எனக்குத் தெரியாதா?"

சொன்னதோடு விடவில்லை. தன் பசுவை இழுத்து வந்து, நாக்கை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டினார். ஐந்து தலைகள் எட்டிப் பார்த்தன. உள்ளே, கடைவாயில்... அதே பிறைகள்!

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மாடுன்னா ஒண்ணும் இல்ல சார். மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டு வேலைய ஆரம்பிச்சுடலாம்."

எல்லோரும் கவிதா அக்காவையே பார்த்தோம். "எனக்கு இன்னொரு தரம் காட்டுங்க" என்றார். ராணி அக்கா காட்டினார். அந்த மாடு பாவம், ரொம்பப் பொறுமைசாலி. கவிதா அக்கா நிமிர்ந்து, குழியைப் பார்த்து, மேஸ்திரியிடம் சொன்னார்: "அடுக்களை ஜன்னல் ஏரியைப் பார்த்து இருக்கணும், மறந்துராதீங்க."

ஜேசிபி உறுமியது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். பார்த்துவிடுங்கள் — ஒரு வீடே பிழைக்கலாம்!