எனக்கு முன்பே பார்த்தவர்

மகள் வெளிநாட்டுப் படிப்புக்கு விசா கேட்டு விண்ணப்பித்திருந்தாள். பாஸ்போர்ட்டும் அதோடு போயிருந்தது. தினமும் காலை 6.30-க்கு இணையத்தில் அதன் நிலையைப் பார்த்து டைரியில் எழுதுவேன்.

ஒன்பதாம் நாள், திரையில் ‘கடைசியாகப் பார்த்த நேரம்: 5.50’ என்றிருந்தது. வீட்டில் யாரும் பார்க்கவில்லை. மறுநாளும் அதே 5.50.

“நீங்களே தூக்கத்துல பாத்துகினு இருக்கீங்க” என்று மனைவி சிரித்தாள்.

அடுத்த நாள் 5.45-க்கே திறந்து உட்கார்ந்தேன். ஆறு நிமிடம் கழித்துப் பக்கத்தைப் புதுப்பித்தபோது, பாஸ்போர்ட் வர வேண்டிய முகவரி மாறியிருந்தது. கேள்விப்படாத ஒரு தெரு.

விசா மையம் திறந்ததும் போன் செய்தேன். “நல்லவேளைங்க, இன்னிக்கு கூரியர்ல போக இருந்துது” என்று நிறுத்திவைத்தார் அங்கிருந்த பெண். “ரசீது நகல் யாருக்குனா குட்தீங்களா?”

மனிதர் யாருக்கும் கொடுக்கவில்லை. விண்ணப்பித்த அன்று ரசீது நகலை மலைக்கோயில் மரத்தில் வேண்டுதலாகக் கட்டியிருந்தோம். இணையத்தில் நுழையக் கேட்கும் விண்ணப்ப எண், பிறந்த தேதி எல்லாம் அதில் இருந்தன.

மனைவி மலையேறிப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாள்: “எல்லார் சீட்டும் இருக்குதுங்க. நம்ம நூல் மட்டும் வெறுமனே தொங்கினு இருக்குது.”

எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. இப்போது மகளின் பெயரை மட்டும் எழுதிக் கட்டுகிறோம். மற்ற விவரங்கள் முருகனுக்குத் தெரியும்.