பத்தாவது ஆள்

எங்கள் பல்கலைக்கழக லக்ரோஸ் கழகத்தில் அந்தச் செப்டம்பரில் ஒன்பது பேர்தான் மிஞ்சியிருந்தோம். ஓர் அணிக்குப் பத்துப் பேர் வேண்டும். நுனியில் வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிகிற இந்த ஆட்டத்தை லண்டனில் பாதிப் பேர் கண்டதே இல்லை. புது மாணவர்களைப் பிடிக்க ஒரு மேசையில் இனிப்புக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நானும் கப்டனும் நின்றோம். இனிப்பை எடுத்தார்கள், பெயரைத்தான் ஒருவரும் எழுதவில்லை.

மத்தியானம் ஒரு மாணவன் கோலைக் கையில் எடுத்தான், கீழே வைக்க மனம் வரவில்லை. கூட வந்திருந்த அவனுடைய தகப்பன் என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, இதாலை படிப்புக் கெடாதோ?"

"இல்லை அங்கிள், புதன்கிழமை மத்தியானம் மட்டும்தான்."

"உங்கடை அப்பா ஓமெண்டவரோ?"

ஆட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தகப்பன் சம்மதித்திருந்தால் எங்கள் ஆட்களுக்குப் போதும்.

"ஓம் அங்கிள், அவர்தான் சேரச் சொன்னவர்."

மகன் அங்கேயே பெயரை எழுதினான். கப்டனுக்குப் பரம சந்தோஷம். அடுத்த வருடமும் தமிழ்ப் பெற்றோருடன் பேசுவதற்கு என்னையே நிறுத்தினான். அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லி மூன்று பேரைச் சேர்த்தேன்.

அப்பாவுக்குத் தெரிந்தவரை நான் புதன்கிழமைகளில் லைப்ரரியில் இருந்தேன். கையில் கோலடி பட்ட கண்டல் காயத்தைக் கண்டு கேட்டால், அங்கே படியில் விழுந்தேன் என்பேன்.

"அந்தப் படியைத் திருத்தச் சொல்லி யூனிவர்சிட்டிக்கு நான் எழுதட்டோ?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார்.