பசை போட்ட சைலன்சர்

என் வீட்டுக்காரருக்குப் பசையும் காகிதமும் இருந்தால் போதும், எதையும் ஒட்டிவிடலாம் என்று நினைப்பு. பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுவது அவர் வேலை. ஆடுகிற கட்டில் கால், கழன்ற குக்கர் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் கை வைத்தாரே, அங்கேதான் என் பொறுமை போனது.

சைலன்சர் லேசாக ஆடியது. இறுக்குகிறேன் பேர்வழி என்று முழு பலத்தையும் போட்டுத் திருகினார். என்ஜினுக்குள் இருந்த மரை வழித்துக்கொண்டு, சைலன்சரைப் பிடித்திருந்த போல்ட்டு கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் டமார்!

வேறு ஊர் என்றால் சிரித்துவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கம் டமார் என்றால் தெருவே வாசலுக்கு வந்து, எந்தத் திசையில் புகை என்று பார்க்கும். நாரணாபுரத்தில் நான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் ஒருநாள் என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"இன்னொரு தடவ இங்கன வெடிச்சுச்சு, நீ வேலைக்கே வர வேண்டாம்மா. மருந்து ரூம்ல இருக்கவங்களுக்கு ஈரக்கொல நடுங்குது."

சீசன் நேரத்தில் வேலை போனால் என்ன செய்வது? வீட்டில் ஆடித் தீர்த்தேன். "லேத்துல குடுத்தா துளையப் பெருசாக்கி, புது மரை போட்டுக் குடுப்பாக. கொண்டுபோங்களேன்!"

"லேத்து எதுக்கு புள்ள? நான் இருக்கேன்ல."

போல்ட்டைச் சுற்றிக் கனமான காகிதம், மேலே பசை, குழாய் சுற்றுகிற அதே நேர்த்தி. காயவைத்துத் துளைக்குள் திருகினார். கிண்ணென்று நின்றது. மறுநாள் காலையில் சத்தமே இல்லாமல் என்னைக் கம்பெனியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "எப்பிடி?" என்று காலரை வேறு தூக்கிவிட்டுக்கொண்டார். என்ஜின் சூட்டில் காகிதம் கருகும் என்று அந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

சாயங்காலம் கேட்டுப் பக்கம் டமார் என்றது. சத்தம் கேட்டால் யோசிக்கக் கூடாது, போட்டது போட்டபடி ஓட வேண்டும் என்பது எங்களுக்குப் பழக்கம். ரூம் ரூமாகப் பெண்கள் பொட்டலுக்கு ஓடினோம். எதிரே ஒரே ஒரு ஆள் மட்டும் ரூம்களைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார். வாட்ச்மேன் பிடித்து இழுத்ததில் சட்டை பாதி கிழிந்து தொங்கியது. வேறு யார், இவர்தான்.

தான் ஒட்டியது வெடிக்காது என்று அவ்வளவு நம்பிக்கை. என்னைக் கூட்டிப்போக வந்தவர், அதனால் வெடித்தது கம்பெனிதான் என்று முடிவுகட்டி, வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"அங்கன போகாதீக! நான் இங்கன இருக்கேன்!" என்று கத்தினேன்.

ஓடிவந்து என் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு போனது.

போர்மேன் என்னைத் துரத்தத்தான் வந்தார். இவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்குக் கம்பெனி வேன்ல வாம்மா. மொதல்ல வண்டிய லேத்துக்கு அனுப்பு."

"நம்ம வண்டியா வெடிச்சுச்சு?" என்றார் இவர். "பசை நல்லாக் காஞ்சிருந்துச்சே!"

வைய வேண்டியது வாய் நிறைய இருந்தது. ஊரே வெளியே ஓடும்போது எனக்காக உள்ளே ஓடிவந்த ஆளை என்னவென்று வைய? அழுகைதான் வந்தது.