பிஸ்கட்டுக்கு இரண்டு கிழமைக்கு ஒருக்கா

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் யோகாவின் வீட்டுக்குப் போனவர்கள் எவரும் சாப்பிடாமல் திரும்பியதில்லை. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் அவருக்குச் சமையல் வேலை. அங்கேயும் இரண்டாந்தரமும் போடச் சொல்லிக் கேட்காத பிள்ளையைக் கண்டால் அவருக்கு மனம் ஆறாது.

2011இல் மகன் அருந்தவனுக்குப் பேர்த்தில் வேலை கிடைத்தது. அவன் வளர்த்த குள்ள மலைப்பாம்பை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவது லேசில்லை. அதை வளர்க்க அம்மாவின் பேரில் லைசன்ஸ் எடுத்து, பாம்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். பாம்பின் பெயர் பிஸ்கட். நிறம் செங்கல், பருமன் பெருவிரல் அளவு. நீட்டிப் படுத்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட வரும்.

"இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரு எலி. அவ்வளவுதான் அம்மா" என்றான்.

யோகா மச்சம் மாமிசம் தொடாதவர். உறைந்த எலிகளுக்கென்று கராஜில் தனியாக ஒரு சின்ன ஃபிறீசர் வைத்தார்கள். முதல் தரம் எலியைச் சுடுதண்ணீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார். பாம்பு வெடுக்கென்று பிடித்தது. அன்று பின்னேரமே தலைக்குத் தோய்ந்து குளித்தார். ஆனால் அது விழுங்கி முடித்து, நாக்கை நீட்டி நீட்டி இன்னும் தேடியதைப் பார்த்தபோது அவருக்கு என்னவோ செய்தது.

"இஞ்சருங்கோ, பாவம், பசி அடங்கேல்லைப் போல கிடக்கு."

"அவன் சொன்னதைச் செய்யும்" என்றார் கணவர் அரியரத்தினம், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

யோகா செய்யவில்லை. பதினாலு நாள் பொறுக்காமல் நாலு நாளில் அடுத்த எலி போனது. பிறகு இன்னும் கொஞ்சம் பெரிய எலி. பிஸ்கட் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. அது வளர்கிறது என்று யோகா சந்தோஷப்பட்டார். ஸ்கைப்பில் பார்த்த அருந்தவன் மட்டும் சிரித்தான். "அம்மா, அது பாம்பில்லை, சொசேஜ்."

ஒரு சனிக்கிழமை காலை, விழுங்கிய எலி முழுசாக வெளியே கிடந்தது. பிஸ்கட் ஒரு மூலையில் அசையாமல் சுருண்டிருந்தது. அரியரத்தினம் காரை ஓட்ட, யோகா அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார்.

வைத்தியர் ஓர் இளம் பெண். பாம்பைக் கையில் சுற்றி, செதில்களுக்கு இடையில் தோல் பிதுங்குவதைக் காட்டினார். எலி, பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடத்தைவிடப் பருமனாக இருக்கக்கூடாது. ஒன்று செரிக்க முன் அடுத்ததைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் சாப்பிடும். அதற்காக அதற்குப் பசி என்று அர்த்தமில்லை. இப்போது இரண்டு கிழமைக்குத் தண்ணீர் மட்டும், பிறகு ஒரு சின்ன எலி.

"இரண்டு கிழமை பட்டினியோ?" என்று காரில் யோகா முணுமுணுத்தார்.

"அதுக்கு அது பட்டினி இல்லையப்பா. அந்தப் பிள்ளை சொன்னது விளங்கேல்லையே?"

விளங்கியது. ஆனாலும் அந்த நாட்களில் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் தேத்தண்ணீர்கூடக் குடிக்க அவருக்கு மனம் வரவில்லை. குசினியிலேயே அடுப்படியில் நின்று குடித்தார். ஒருநாள் கராஜ் வரைக்கும் போய், ஃபிறீசரைத் திறந்து பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

இரண்டு கிழமைத் தவணை முடிந்ததும் சின்ன எலியை நீட்டினார். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. பிஸ்கட் பிடித்தது, சுற்றியது, மெல்ல விழுங்கியது. இரண்டு நாள் அதைத் தூக்காமல் விட்டார். எலி வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் பேர்த்துக்கு அழைத்தார்.

"தம்பி, செமிச்சிட்டுது."

"அதுக்கா வேலை நேரத்தில எடுக்கிறீங்கள்?" என்றான். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அடுத்த குளிர்காலத்தில் பிஸ்கட் ஆறேழு கிழமை வாயே திறக்கவில்லை. யோகா தொட்டியின் சூட்டைப் பார்த்தார், சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். மெலியவில்லை. பேசாமல் விட்டுவிட்டார். வசந்தம் வந்ததும் அது தானாகவே சாப்பிட்டது.

2013இல் அருந்தவன் மெல்பேர்னுக்கே திரும்பி, தனியாக ஒரு பிளாட் எடுத்தான். பாம்பைக் கொண்டுபோகப் பெட்டியோடு வந்தான். பிஸ்கட் யோகாவின் மணிக்கட்டில் வளையல்போலச் சுற்றிக் கிடந்தது.

"உனக்கு வேணுமெண்டா வேற ஒண்டு வாங்கு" என்றார் யோகா. "எப்பிடிச் சாப்பாடு குடுக்கிறதெண்டு நான் சொல்லித் தாறன்."

அவன் வெறும் பெட்டியோடு போனான்.