கிளேபாங் கடற்கரையில் பத்து நண்டுகள்

1958 மார்ச் 15, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குளித்து, விபூதி பூசி, ஒரு கோப்பை கோப்பி குடித்து, பேனாவில் மை நிரப்பினேன். ஆறே கால் மணிக்குக் காஜா பெராங் வீட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன். அலுவலகத்தில் நான் கிராணி, கடிதமும் கணக்கும் எழுதும் குமாஸ்தா. சனிக்கிழமையும் அரை நாள் வேலை. அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தேன்.

முந்தின ஆண்டு நாடு சுதந்திரம் பெற்ற சில மாதங்களில் எங்கள் பகுதிப் பெரியவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், மண்ணையும் மரத்தையும் தொட்டுப் பார்க்க வைத்து இயற்கையைக் கற்பிப்பது நோக்கம். தலைவர், மளிகைக்கடை முதலாளி. துணைத் தலைவர்கள் ஐவர். செயலாளர் நான். பதினொரு கூட்டங்கள் நடத்தினோம், எல்லாம் மின்விசிறிக்கு அடியில். சேற்றில் தாவும் மீனைப் பற்றி நான் எழுதிய ஆறு பக்கங்களைச் சங்கம் அச்சிட்டு வெளியிட்டது. அந்த மீனை நான் பார்த்ததில்லை. படித்துத் திருத்திய ஐவரும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை நடை என்று பெயர் வைத்துப் பிள்ளைகளைக் கிளேபாங்குக்கு அழைத்துப் போனது ஒரே ஒரு முறை. அன்று கடல் ஏறியிருந்தது. தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கூட்டிப் போன தமிழ்ப்பள்ளி ஆசிரியையைத் தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கண்டித்தார். இன்னொரு முறை வெறும் தண்ணீரைக் காட்டினால் சனிக்கிழமை நடை அதோடு நின்றுவிடும், அடுத்த நடைக்கு அவரே நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார். ஆசிரியை எங்கள் கூட்டத்துக்கு வந்து இதைச் சொன்னார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட அன்று பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தார்களாம். அதற்காகவாவது இது நிற்கக் கூடாது என்றார்.

முதலாளி உடனே தீர்மானம் போட்டார். கடற்கரையை நம்ப முடியாது. இயற்கையை நாமே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

ஆகவேதான் ஆறு நாற்பதுக்கு நான் பாசாரில் மீன் கடை முன்னால் நின்றேன். பெரிய சேற்று நண்டு பத்து வாங்கினேன். கொடுக்குகளை நாரால் இறுகக் கட்டியிருந்தார்கள். "ஜாங்ஙான் புக்கா!" என்று சீனக் கடைக்காரம்மா மலாயில் எச்சரித்து, தன் விரலை வெட்டுவதுபோல் காட்டினாள். கட்டை அவிழ்க்காதே என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

ஏழரைக்குக் கிளேபாங். கடல் வற்றிக் கிடந்தது. முதலாளியும் துணைத் தலைவர்கள் ஐவரும் வெள்ளை சப்பாத்தோடு உலர்ந்த மணலில் நின்றார்கள்.

"கட்ட அவுத்து விடுங்கய்யா," என்றார் முதலாளி.

"நான் துணைத் தலைவர்ங்க. அது செயலாளர் வேல."

"கொடுக்குக்குப் பதவியெல்லாம் தெரியாது, நீங்களே அவுங்க," என்றேன்.

ஒருவரும் அவிழ்க்கவில்லை. கரையோரச் சேற்றில் வளரும் பாக்காவ் மர வேர்களுக்கிடையில் பத்தையும் கட்டியபடியே வைத்தோம். சரியான இடைவெளி விட்டு வைத்தவன் நான்.

எட்டு மணிக்குப் பஸ் வந்தது. தலைமையாசிரியர் குடையோடு முதலில் இறங்கினார். பின்னால் ஆசிரியையும் இருபத்திரண்டு பிள்ளைகளும். முதல் நண்டை ஒரு சிறுமி கண்டுபிடித்தாள்.

"டீச்சர், இத ஏன் கட்டிப் போட்டிருக்காங்க? ஏதும் தப்பு பண்ணிச்சா?"

"எங்கம்மா வாங்குற நண்டு மாதிரியே இருக்கு," என்றாள் இன்னொருத்தி.

"இனம் ஒண்ணுதாம்மா," என்றார் ஒரு துணைத் தலைவர்.

ஆசிரியையின் முகம் வெளுத்தது. அவருக்கு இது எதுவும் தெரியாது. தலைமையாசிரியர் ஒரு நண்டைக் குடை நுனியால் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கிராணியாரே, எல்லாத்தையும் குறிச்சு வைக்கிற ஆளு நீங்க. இது எங்க புடிச்சது?"

சொல்லாதே என்று முதலாளி கண்ணைக் காட்டினார். ஆசிரியை தரையைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் குறிப்பேடு கையில் திறந்தே இருந்தது.

"ஆறு நாப்பது. பாசார். டீச்சருக்கு இதுல சம்பந்தமில்ல சார்," என்றேன்.

அதற்குள் முதல் சிறுமி சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்கால் அளவு சேற்றில் நின்றாள். "இங்க கட்டாதது நெறைய இருக்கு டீச்சர்!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தோம். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்த சின்னஞ்சிறு நண்டுகள் நூற்றுக்கணக்கில் வளைக்குள் ஓடின. துருத்திய கண்களோடு ஒரு மீன் வேரில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அது வேரில் ஏறும் என்று என் ஆறு பக்கங்களில் எங்கும் இல்லை. மற்றப் பிள்ளைகளும் இறங்கினார்கள். ஆசிரியை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனார். ஒரு மணி நேரம் கழித்து, தலைமையாசிரியரும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார்.

பஸ் ஏறும்போது அவர் சொன்னார்: "டீச்சர், அடுத்த சனிக்கிழமையும் கூட்டிட்டு வாங்க. வாராவாரம் வாங்க. ஒரே ஒரு நிபந்தனை. கமிட்டி ஆளு ஒருத்தரும் வரக்கூடாது."

ஆசிரியை சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்டுகளைத் துணைத் தலைவர்கள் தலைக்கு இரண்டாகக் கொண்டுபோனார்கள், முதலாளி சைவம். மாலையில் அவசரக் கூட்டம் கூடி, நடை மாபெரும் வெற்றி என்று தீர்மானித்து, சங்கம் தனக்குத்தானே நன்றி தெரிவித்துக்கொண்டது. ஒருமனதாக என்று எழுதினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாக இரண்டு வரி எழுதி, முதலாளி கடைப் பலகையை எடுத்து வைப்பதற்குள் அவர் கையில் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.