கயிற்றில் மாட்டிய தட்டுகள்

படகுக்குள் இருந்த எலி வெளியே போய்விடாதபடி எல்லா வழிகளையும் கவனமாக அடைத்தவன் நான். வெளியிலிருந்து எலி வராமல் தடுப்பதாக நினைத்துத்தான் செய்தேன் என்பது என் தரப்பு. எலி அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குத் தரை மாற்ற ஆரம்பித்திருந்தார்கள். மனைவி கடலூர் முதுநகரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே ஃபேன் உள்ள அறை ஒன்றுதான். அதில் மாமியார், மனைவி, மகள், ஒரு தையல் மிஷின் ஆகியோர் முன்பே இடம் பிடித்துவிட்டார்கள். மனைவியின் தம்பி, என் மச்சான், ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அது மற்றப் படகுகளோடு உப்பனாற்றில் சும்மா கட்டிக் கிடந்தது. நான் அதிலேயே தங்கி எழுதுகிறேன் என்றேன். தண்ணீர் மேல் வாழ்ந்து எழுதியவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட டீசல் நாற்றத்தைக் குறிப்பிட்டதில்லை.

மச்சான் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பது புது வலை. தடை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டுதான் கடலுக்குப் போக வேண்டும். அதன் மேல் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது, டீ சிந்தக் கூடாது. அந்த வலைக்கு ஏதாவது ஆனால் அவரும் அவரோடு தொழிலுக்கு வருகிறவர்களும் கரையில் உட்கார்ந்து மற்றப் படகுகள் போவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டிகளில் என் புத்தகங்களோடு குடியேறினேன். மீனைக் கொட்டி வைக்கும் அறை காலியாக இருந்ததால் நூலகம் அங்கே அமைந்தது.

கரப்பான்கள் படகின் பூர்வகுடிகள். அவற்றோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன்: விளக்கு எரியும்வரை படகு என்னுடையது. எலி வேறு ரகம். ஒரு காலையில் சோப்பு பாதியாக இருந்தது. மறுநாள் செருப்பு வார் இல்லை. அதற்கு மறுநாள் தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு ஓட்டை. அதற்கு அடியில்தான் அந்தப் புது வலை.

மச்சானுக்கு ஃபோன் செய்தேன். விஷம் மட்டும் வைக்காதீர்கள், பலகைக்கு அடியில் எங்காவது போய்ச் செத்தால் படகையே பிரிக்க வேண்டும் என்றார். கூண்டில் கருவாடு வைக்கச் சொன்னார். வைத்தேன். கருவாடு வைத்தபடியே இருந்தது. அந்த எலி அசைவம் தொடாது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் நான் படித்தது எனக்குக் கைகொடுத்தது. பெரிய கப்பல்களைக் கரையில் கட்டும்போது, எலி ஏறி வராமல் இருக்கக் கயிறுகளில் வட்டத் தகடு மாட்டுவார்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். கடைத்தெருவில் அலுமினியத் தட்டுகள் வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு, கரைக்கும் பக்கத்துப் படகுகளுக்கும் போகிற ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு தட்டு வீதம் கோத்தேன். பக்கத்துப் படகில் சீட்டாடிக்கொண்டிருந்தவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டார். விளக்கினேன். பணிவாகத் தலையாட்டிவிட்டுச் சீட்டுக்குத் திரும்பினார்.

தடை முடியப் போகிற சமயம் மச்சான் வந்தார். கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னா மாமா, தட்டக் காயப் போட்டிருக்கீங்களா?"

கப்பல் விஷயத்தைச் சொன்னேன். கப்பலின் கொள்ளளவிலிருந்து ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன்.

"சரி மாமா. வெளிய இருக்கற எலி உள்ள வராது. உள்ள இருக்கறது எந்த வழியா வெளிய போவும்?"

இந்தக் கேள்வி அந்தப் புத்தகத்தில் இல்லை.

அவர் தார்ப்பாயைத் தூக்கினார். வலையின் மடிப்புக்குள் கை விட்டு ஒரு பிடி காகிதச் சுருளை எடுத்தார். "இது நம்ம போட்டுல இருந்த சாமான் இல்லியே" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். நான் எழுதிய வாக்கியம். மீன் அறையில் இருந்த நூலகத்துக்குள் இறங்கிப் பார்த்தால், விற்காமல் நின்ற என் கட்டுரைத் தொகுப்பின் பிரதிகள் இருந்த பெட்டியில் மட்டும் அடிமூலையில் ஓட்டை. உள்ளே பழைய எலிப்புழுக்கை. எலியைச் சிதம்பரத்திலிருந்து நானே வேன் வைத்து அழைத்து வந்திருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய புத்தகங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை, அது இன்னும் சங்கடம். ஃபோன் போட்டு ஆட்களை வரவழைத்தார். மொத்த வலையையும் வெளியே இழுத்தால்தான் சேதம் தெரியும் என்றார். நானும் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். நீங்கள் ஓரமாக நின்றாலே பெரிய உதவி என்றார்கள். வலை பிரியப் பிரியக் காகிதமும் பிரிந்துகொண்டே வந்தது. மச்சான் ஒவ்வொரு மடிப்பையும் விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி மடிப்பிலிருந்து எலி பாய்ந்தது. என் பாதத்தின் மேல் ஏறி, கயிற்றில் ஓடி, தட்டின் முன் நின்றது. அது தட்டைப் பார்த்தது. ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு அது ஆற்றில் குதித்து, நிதானமாக நீந்திக் கரையேறிப் போய்விட்டது. எலிக்கு நீச்சல் தெரியும் என்றால் உலகத்துக் கப்பல்கள் எதற்குத் தகடு மாட்டுகின்றன என்று யாரையாவது கேட்க வேண்டும் போலிருந்தது. சூழ்நிலை சரியில்லை.

வலையில் ஒரே இடத்தில்தான் எலி அறுத்திருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து டீ ஆறுவதற்குள் அதைப் பின்னி முடித்துவிட்டார்கள். படகு மற்றப் படகுகளோடு கிளம்பிப் போனது. நான் மாமியார் வீட்டில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்தபடி, நடுக்கடலில் வலை கிழிவதாக இரண்டு தரம் கனவு கண்டேன்.

படகு திரும்பி வந்த அன்று துறைமுகத்துக்கு ஓடினேன். வலை எப்படி என்று கேட்டேன்.

"வலைக்கு ஒண்ணும் இல்ல மாமா, நல்ல மீனு. ஆனா மொத இழுப்புல உங்க புக்கு அட்ட ஒண்ணு மாட்டி வந்துச்சு. அதுல இருந்த உங்க போட்டோவுல காது மட்டும் இல்ல. எந்தக் கூடையில போடறதுன்னு பசங்க கொஞ்ச நேரம் யோசிச்சானுங்க" என்றார் மச்சான். "அப்புறம், கோழித் தீவனத்துக்குப் போற பொடி மீனோட போட்டுட்டானுங்க."