அன்ரியின் விரதங்கள்

மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ரீச்சர் ஒரு தாள் தந்துவிட்டார். உங்கள் குடும்பம் கனடாவுக்கு என்ன கொண்டுவந்தது என்று அதில் கேட்டிருந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேன். ஒரு சூட்கேசும் ஒரு பல்வலியும் என்றார். நான் இரண்டையும் எழுதினேன். அம்மா இரண்டையும் அழித்தார்.

அப்போது நாங்கள் டோர்செட் பார்க்கில் எட்டாம் மாடியில் இருந்தோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை கலாசார மாலை என்று ஒன்று வைப்பார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையில் படங்களை ஒட்டி, அதன் முன்னால் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். பெற்றோர் சாப்பாடு கொண்டுவர வேண்டும். இந்த நகரம் எல்லோருடைய கையாலும் ஆனது என்று அதிபர் பேசுவார். ஒவ்வொரு வருடமும் அதே பேச்சுத்தான்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் அன்ரி இருந்தா. அம்மாவுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி அவதான். எந்த பஸ் எங்கே போகும், குளிர்காலச் சப்பாத்தை எந்தக் கடையில் வாங்கலாம் என்பதெல்லாம் அவ சொல்லிக் கொடுத்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குசினிக் கதிரையில் ஒரு காலை மடக்கிப்போட்டுக்கொண்டு, அம்மாவின் பிட்டையும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பையும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவா. அம்மா அந்த வாரத்தில் சிரிப்பது அப்போது மட்டும்தான். பழைய மாஜரின் டப்பா ஒன்று இரண்டு வீட்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருக்கும். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பதால் அது ஒருநாளும் வெறுமையாகப் போனதில்லை. தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை.

அட்டையில் ஒட்டப் படம் தேடியபோது, பாஸ்போட்டுகள் வைத்திருந்த கடித உறைக்குள் ஒன்று கிடைத்தது. வெறும் மேலோடு ஒரு சிறுவன் தவிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இன்னொரு தவிலோடு பெரியவர் ஒருவர். அந்தச் சிறுவன் அப்பா என்பதைக் காதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். படத்தின் பின்னால் ஊர், கோயில், கோயிலுக்குப் பின்னால் போகிற ஒழுங்கை எல்லாம் எழுதியிருந்தது. அப்பாவுக்குத் தவில் அடிக்கத் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு நல்ல சாமானை வைத்துக்கொண்டு பல்வலி என்று சொல்லியிருக்கிறாரே!

"உந்தப் படத்தை ஒட்டாதை" என்றார் அம்மா.

அப்பா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "விடும். பள்ளிக்கூடத்திலை வெள்ளைக்காரர்தானே பாக்கப்போகினம்" என்றார்.

அப்பா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதுவரை வந்ததில்லை. என் வகுப்பில் வெள்ளைக்காரர் என்று இருந்தது ரீச்சர் மட்டும்தான். மற்றவர்கள் தமிழ், சோமாலி, பிலிப்பினோ, ஜமேக்கா. அதிலும் பாதிப்பேர் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள். அன்ரியின் மகனும் அங்கேதான் ஐந்தாம் வகுப்புப் படித்தான். இதை நான் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

கலாசார மாலையில் சங்கீத ரீச்சர் என் அட்டையின் முன்னால் நின்றுவிட்டார். இது உன் அப்பாவா என்று கேட்டார். ஓம் என்றதும் உள்ளே ஓடிப்போய் ஒரு பெரிய மேளத்தை உருட்டிக்கொண்டு வந்தார். வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்த அப்பா முதலில் மறுத்தார். பிறகு அதைச் சரித்து மடியில் வைத்து, இடது கையில் குச்சியை வாங்கிக்கொண்டார். அது தவில் இல்லை, ஆனால் அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பிலிப்பினோத் தாய்மார் பலகாரத் தட்டோடு வந்து நின்றார்கள். அதிபர் தலையை ஆட்டினார், பிழையான இடங்களில். அப்பாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜூஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்ற அம்மா மட்டும் அப்பாவைப் பார்க்காமல் அன்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்ரியும் கைதட்டினா. பிறகு என் அட்டைக்குக் கிட்ட வந்து குனிந்தா.

"அப்பான்ரை ஊர் எவடம் பிள்ளை?"

அன்ரி இதை அப்பாவிடமும் பல தடவை கேட்டிருக்கிறா. ரவுணுக்குக் கிட்ட, பட்டணப்பக்கம் என்று மட்டும் அப்பா சொல்லுவார். எனக்குச் சரியான விடை தெரிந்திருந்ததால் ஊர், கோயில், கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். படத்தில் இருந்த பெரியவரைக் காட்டி, அப்பப்பாவும் மேளம்தான் அடித்தவர் என்று கேட்காமலே சேர்த்துக்கொண்டேன்.

"ஓ, அவையளே" என்றா அன்ரி.

எங்கள் ஆட்கள் "எவடம்" என்று கேட்டால், விடையில் தேடுவது சாதியை. எந்த ஒழுங்கையில் யார் இருப்பது, யார் மேளம் அடிப்பது, யார் வீட்டில் யார் கைநனைப்பது எல்லாம் அங்கே பிரித்துவைத்த விஷயங்கள். எனக்கு அன்ரி பூமிசாத்திரம் கேட்கிறா என்றுதான் எண்ணம்.

அடுத்த ஞாயிறு அன்ரி வரவில்லை. அம்மா பிட்டை டப்பாவில் போட்டு என்னிடம் தந்துவிட்டார். "இண்டைக்கு விரதம் பிள்ளை, அம்மாட்டைச் சொல்லு" என்று அன்ரி கதவடியிலேயே சொன்னா. அதற்கடுத்த ஞாயிறும் விரதம். மூன்றாவது ஞாயிறும் விரதம். ஆனால் எங்களுக்குத் தருவதை அவ நிறுத்தவில்லை. வடை, மோதகம், ஒருமுறை கேக். எல்லாம் ஈயத்தாள் தட்டில் வந்தன, திருப்பித் தரத் தேவையில்லை என்ற சொல்லோடு. கொடுக்க வேண்டாம், வாங்கினால் போதும் என்றால் யாருக்குக் கசக்கும்? நான் கேக்கின் பெரிய துண்டை எடுத்துக்கொண்டேன். நாலாவது ஞாயிறு அம்மா பிட்டு அவிக்கவில்லை. மாஜரின் டப்பாவில் தையல் நூல் போட்டு வைத்தார்.

அந்த வருட முடிவில் ரீச்சர் இன்னொரு தாள் தந்தார். நம் நகரத்துக்கு நல்ல பழக்கம் ஒன்றைக் கொண்டுவந்த ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. எங்கள் மாடியில் ஒரு அன்ரி இருக்கிறா, அவ எல்லா ஞாயிறும் விரதம் இருப்பா, எல்லோருக்கும் கொடுப்பா, யாரிடமும் ஒன்றும் வாங்கமாட்டா, நானும் வளர்ந்து அவவைப்போல வருவேன் என்று எழுதினேன். ரீச்சர் தங்க நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார்.

என் நட்சத்திரத் தாள்கள் எல்லாவற்றையும் அம்மா பிரிட்ஜ் கதவில் ஒட்டுவார். இதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஒட்ட இடமில்லை என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். கதவில் நிறைய இடம் இருந்தது.